சீட் ரேஸ்

முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருவார்கள் சார். தப்பான திசையில் போகவில்லை, பயப்படாதீர்கள், இந்த விளையாட்டே அப்படித்தான். போக வேண்டிய இடம் முதுகுக்குப் பின்னால். விட்டுவிட்டு வந்த இடம் கண்ணுக்கு முன்னால். முதல் தடவை பார்க்கிற எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். உட்காருங்கள், பெஞ்சில் இடம் இருக்கிறது. பையைக் கீழே வைக்காதீர்கள், ஈரம். அதோ, தண்ணீரில் சிவப்பாக மிதவைகள் தெரிகிறதல்லவா, அதுதான் முடிவுக் கோடு. பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்குப் புத்தர் சிலைதான் தெரியும். ரேஸ் தெரியாது.

எண்ணூரா? அங்கிருந்தா ஹைதராபாத் வரை வந்திருக்கிறீர்கள்? பையன் கொடுத்துவைத்தவன். எதில் ஓட்டுகிறான்? 'பேர்' என்கிற ஜோடிப் படகா? சரி. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. ஆளுக்கு ஒன்று என்றால் ஸ்வீப் என்பார்கள், ஆளுக்கு இரண்டு என்றால் ஸ்கல்லிங். இவ்வளவு தெரிந்தால் பாதி விளையாட்டு தெரிந்த மாதிரி. நேற்று கிராப் பிடித்துவிட்டேன் என்று போனில் அழுதானா? அட, அது ஒன்றுமில்லை சார். துடுப்பின் பலகை தண்ணீருக்குள் கோணலாக இறங்கிவிட்டால் தண்ணீர் அதை இழுத்துக்கொள்ளும், பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும். படகு அப்படியே முக்கி முனகும். தண்ணீருக்குள் நண்டு கவ்வின மாதிரி, அதற்குத்தான் கிராப் என்று பேர். பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. ரேஸ் முடிந்ததும் அவனிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

நானா? இல்லை, நான் துடுப்பே பிடித்ததில்லை. காக்ஸ். படகில் துடுப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள். என்னைப் பார்த்தாலே தெரியவில்லையா, ஐந்தடிக்கு ஒட்டியும் ஒட்டாமலும். பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன முதல் வாரமே, ஆறடி உயரத்தில் நான்கு பெண்கள் என் அறைக் கதவைத் தட்டி, எங்கள் படகுக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். கனம் இருக்கக்கூடாது, தொண்டை இருக்கவேண்டும். காக்ஸுக்கு அவ்வளவுதான் தகுதி. அன்றைக்குப் படகில் உட்கார்ந்தவள்தான். அங்கே இருந்த வரைக்கும் அது, திரும்பி வந்த பிறகு அடையாற்றில் எங்கள் கிளப்பில் அது. என் வயசில் பாதி இருக்கிற பிள்ளைகள் துடுப்புப் போடுவார்கள், நான் உட்கார்ந்து பேசுவேன்.

பேசுவதுதான் சார் வேலை. சுக்கான் ஒரு கையில், மைக் வாயில். போகிற திசை படகில் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் ஒருத்திதான் பேசலாம், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. ஈஸி என்றால் நிறுத்துவது. ஹோல்ட் என்றால் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகைப் பிடித்து நிறுத்துவது, அது ஆபத்துக்கு. கேட்ச் என்பது துடுப்பு தண்ணீரைக் கவ்வுகிற நொடி. அது நேரத்துக்கு விழுந்ததா, தாமதமா, யாருக்குத் தாமதம், எல்லாம் நான் சொல்லவேண்டும். அப்புறம் பத்து. 'பத்து' என்று கூப்பிட்டால் அடுத்த பத்துத் துடுப்பு உயிரைக் கொடுத்து இழுக்கவேண்டும். அந்தப் பத்து எப்போது என்று தெரிந்து கூப்பிடுகிறவள்தான் காக்ஸ். கால் செத்துப்போய், மூச்சு நின்றுபோய், இனிமேல் முடியாது என்று உட்கார்ந்திருப்பவளுக்குள்ளே இன்னொரு பத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் எடுத்துவிடலாம். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நானே எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன்.

என் மகளும் இங்கே இருக்கிறாள். சாம்பவி. உங்கள் பையன் ரேஸுக்கு முன்னால் பெண்கள் சிங்கிள் ஸ்கல் ஃபைனல் இருக்கிறது பாருங்கள், அதில். ஆறு பேரில் அந்தக் கோடிப் பாதை அவளுக்கு. ஹீட்டில், அதாவது முதல் சுற்றில், தோற்றுவிட்டாள். தோற்றவர்களுக்கு இன்னொரு ரேஸ் கொடுப்பார்கள், ரெப்பஷாஜ் என்று பேர், பிரெஞ்சுக்காரன் வைத்தது. அதில் ஜெயித்து உள்ளே வந்திருக்கிறாள். வேறு எந்த விளையாட்டில் சார் தோற்றவனைக் கூப்பிட்டு, வா, இன்னொரு தரம் ஓட்டிக்காட்டு என்பார்கள்?

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. சொன்னால் வராதே என்று சொல்லிவிடுவாள். இங்கே ஒரு அகாடமியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள், மழைக்காலத்துக்கு முன்னால் போனவள். போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் ம், ம் என்பாள். நான் வந்ததே ரேஸ் பார்க்க இல்லை, உங்களிடம் சொல்வதற்கு என்ன. வீட்டுக்கு வாடி என்று கூப்பிடத்தான் வந்தேன். அவள் அறையில் ஒரு பொருளை நகர்த்தவில்லை. வந்தால் போதும், படகு அப்புறம்.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? நடந்தது எதுவும் இல்லை சார். ஒரு சீட் ரேஸ் நடந்தது. அதில் அவள் தோற்றாள். தோற்றதை அவளால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம், ஒரே வரியில் முடிந்துவிட்டது.

சரி, சொல்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது. எலுமிச்சைச் சாதமா? ஒரு வாய் போதும். உங்கள் வீட்டில் செய்ததா? நன்றாக இருக்கிறது.

எங்கள் கிளப்பில் பெண்கள் நால்வர் படகு ஒன்று உண்டு. பழைய படகு, காக்ஸ் வால் பக்கம் உட்காருகிற மாதிரி. நால்வரில் ஸ்ட்ரோக் சீட் என்று ஒன்று இருக்கிறது, அது காக்ஸுக்கு நேர் எதிரே. அவள் போடுகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். மற்ற மூன்று பேருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் முதுகுதான் தெரியும். ஸ்ட்ரோக்குக்கு மட்டும் என் முகம் தெரியும். அவள் முட்டியும் என் முட்டியும் இடிக்கும், அவ்வளவு கிட்டே. சாம்பவி மூன்று வருஷம் அந்தச் சீட்டில் இருந்தாள். பன்னிரண்டு வயதில் இங்கிலாந்திலிருந்து ஊருக்குக் கூட்டிவந்தபோது அவளுக்குத் தமிழில் நாலு வார்த்தை வராது. அவள் அப்பா அங்கேயே தங்கிவிட்டார், அது வேறு கதை, அதை விடுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சண்டை போட்டுப் போட்டுத் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் இன்றைக்கும் கோபம் வந்தால்தான் தமிழ். மற்ற நேரம் ஆங்கிலம். வீட்டில் இரண்டு பேரும் அவரவர் அறை. படகில்தான் நேருக்கு நேர்.

அந்த மூன்றாவது வருஷம் எஸ்தர் என்று ஒரு பெண் வந்தாள். காசிமேடு. அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தோள் இருக்கிறதே சார், பார்த்தவுடனே கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். ஒரு சீட், இரண்டு பெண்கள். மண்டல ரெகாட்டாவுக்கு, அதாவது படகுப் போட்டிக்கு, போகும் படகு அது. எஸ்தருக்கு அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு வழி பிறக்கும், எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் உடை மாற்றும் அறையில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. நான் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருத்தி சொல்கிறாள், "காக்ஸே அவங்க அம்மா. அப்புறம் எதுக்குடி சீட் ரேஸு? மாலை போட்டுக் குடுத்துட வேண்டியதுதானே?" இன்னொருத்தி சிரிக்கிறாள். யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

என் அப்பா கணக்கு வாத்தியார் சார். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே, என் வகுப்புக்கே. அவர் கேள்வி கேட்டு நான் கையைத் தூக்கினால் என்னைத் தாண்டிப் பின் பெஞ்சுக்குப் போய்விடுவார். வருஷம் பூராவும் ஒரு தரம்கூட என்னை எழுப்பியதில்லை. ஒருத்தரும் அவரை விரல் நீட்டிப் பேசியதில்லை, தெரியுமா? அப்படி வளர்ந்தவள் நான். என்னைப் பற்றி அந்த அறையில் அப்படிச் சிரிக்கிறார்கள்.

கோச் தேவசகாயம் நல்ல மனிதர். முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "ஹேமா, நாளைக்கு நீங்க என்கூட மோட்டார் போட்ல வாங்க. அந்தப் படகுல வேற காக்ஸ உக்கார வெச்சுக்கறேன்" என்றார்.

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை பத்தி யார் பேசினா? உங்களுக்கு லேசா இருக்கும்னு சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் பாரம் இல்ல சார். நான்தான் உக்காருவேன்."

நான் விலகி நின்றால் என்ன அர்த்தம்? படகில் உட்கார்ந்திருந்தால் மகளுக்கு உதவியிருப்பாள் என்றுதானே அர்த்தம்? நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியவேண்டாமா? சாம்பவிகூட ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள், கோச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாமே என்று. உனக்குப் பயமா என்றேன். எனக்கு இல்லை என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீட் ரேஸ் எப்படி என்றால், இரண்டு படகு. சமமான நான்கு பேர் இதில், நான்கு பேர் அதில். முதல் ஓட்டத்தில் சாம்பவி என் படகில், எனக்கு எதிரே. எஸ்தர் அந்தப் படகில். ஓட்டி முடித்ததும் நடு ஆற்றிலேயே இரண்டு படகையும் ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் எழுந்து இடம் மாறிக்கொள்வார்கள். படகு ஆடும், மற்றவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அப்புறம் அதே தூரம் திரும்ப ஓட்டவேண்டும். முதலில் எவ்வளவு வித்தியாசம், பிறகு எவ்வளவு வித்தியாசம், அதை வைத்து யார் வேகம் என்று சொல்லிவிடலாம். யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. பொய் சொல்லாத தேர்வு சார் அது. நம் ஊரில் எல்லா வேலைக்கும் இப்படி ஒன்று வைத்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

முதல் ஓட்டம். கோட்டூர்புரம் பாலத்துப் பக்கமிருந்து கிளம்பினோம். நான் வாயே திறக்கவில்லை. கிளம்பச் சொன்னேன், சுக்கானைப் பிடித்தேன், அவ்வளவுதான். மைக் இருக்கிறதே, நான் என்ன சொன்னாலும் பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் கேட்கும். பக்கத்துப் படகுக்கும் கேட்கும். ஒரு 'சபாஷ்' வந்தால் போதும், அம்மா பொண்ணைத் தள்ளிவிடுகிறாள் என்று அன்றைக்கு மத்தியானமே கான்டீன் வரை போய்விடும். சாம்பவி என்னைப் பார்க்கிறாள். முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். பாதித் தூரத்தில் அவள் ஸ்லைடில் அவசரப்படுகிறாள், தெரிகிறது. ஸ்லைடு என்றால் சீட்டுக்குக் கீழே சக்கரம், சீட் முன்னும் பின்னும் ஓடும். அவசரப்பட்டால் படகு தடுமாறும். நிதானம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் அது என் மகள் சார். மூன்று வருஷமாக என் எதிரே உட்கார்ந்தவள். அவளுக்குத் தெரியாததா? நான் தண்ணீரைப் பார்த்தேன்.

எங்கள் படகு அரைப் படகு நீளம் முன்னால் முடித்தது. நிறுத்தினதும் மூன்றாம் சீட்டில் இருக்கிற ரோஷ்ணி, அவளுக்கு வாய் அதிகம், "மேம், மைக்ல பேட்டரி போச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சாம்பவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் கேலி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கே கோபம்.

இடம் மாறினார்கள். எஸ்தர் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பாவம், படகோடு பொருத்தின ஷூவில் காலை மாட்டிக்கொள்ளவே இரண்டு தரம் தடுமாறினாள். புதுப் படகு, புது ஆட்கள், எதிரே போட்டிக்காரியின் அம்மா. என்னைக் கண்ணால் பார்க்கவே பயப்படுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக, "மூச்சு விடும்மா, நான் இருக்கேன்" என்றேன். அதன் பிறகு காக்ஸ் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். கேட்ச் தாமதம் என்றேன், சரிசெய்தாள். காலால் தள்ளு, கையை மறந்துவிடு என்றேன். முக்கால் தூரத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது என்று தெரிந்தது. "பத்து. எஸ்தர், உனக்காக, இப்ப" என்றேன். படகு எழுந்து போயிற்று சார். அப்படி ஒரு பத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஒரு படகு நீளத்துக்கு மேலே முன்னால் முடித்தோம்.

அப்புறம் என்ன சந்தேகம்? படகு அதே. மற்ற மூன்று பேர் அதே. காக்ஸ் அதே. மாறியது ஒரே ஆள். கோச் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னொரு ஓட்டம் வேற காக்ஸோட வெச்சுப் பாக்கலாமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என் மகள் தோற்றுவிட்டாள் என்பதற்காக இன்னொரு ஓட்டமா? ஊர் சிரிக்காதா? நானே போய் எஸ்தரிடம் சொன்னேன், சீட் உன்னுடையது என்று. அவள் அழுதுவிட்டாள்.

என்ன கேட்டீர்கள்? அவளுக்கு மட்டும் ஏன் பத்து கூப்பிட்டீர்கள் என்றா? சாம்பவியும் இதைத்தான் கேட்டாள். நீங்கள் இப்போதுதான் இந்த விளையாட்டைப் பார்க்கிறீர்கள், உங்களுக்குத் தோன்றுவது நியாயம். அவள் அப்படிக் கேட்கலாமா?

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள். தமிழில். "நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

"உனக்குத் தெரியாததா நான் சொல்லப் போறேன்?"

"அவளுக்குச் சொன்ன."

"அவ புதுசு. பயந்துட்டிருந்தா."

"நானும் பயந்துதான் இருந்தேன். உன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ எங்கியோ பாத்த."

"நான் பேசினா நாலு பேர் என்ன சொல்வாங்க? உன் நல்லதுக்குத்தான். நீ ஜெயிச்சிருந்தா, அது உன்னோடதா இருந்திருக்கும். யாரும் வாய் திறந்திருக்க முடியாது."

"நான் சீட்டுக்காகக் கேக்கலம்மா."

"வேற எதுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் இருந்தால்தானே சொல்வதற்கு? சீட்டுக்காகத்தான் சார். வேறு எதற்கு இருக்க முடியும்?

அதற்கப்புறம் அவள் நால்வர் படகுப் பக்கமே வரவில்லை. இரண்டாம் சீட் காலியாக இருந்தது, கோச் கூப்பிட்டார், மாட்டேன் என்றாள். படகுக் கொட்டகையில் யாரும் தொடாத ஒரு சிங்கிள் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்தாள். சிங்கிளில் காக்ஸ் கிடையாது, கவனித்தீர்களா? ஒரு ஆள், இரண்டு துடுப்பு. போகும் வழியைத் தானே அவ்வப்போது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தத் திரும்புதலில் ஒரு நொடி போய்விடும். யாரும் விருப்பப்பட்டு எடுக்கிற படகு இல்லை அது, வீம்புக்கு எடுக்கிற படகு. பிறகு ஒரு நாள் இந்த அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். பெட்டியை ஏற்கெனவே கட்டிவைத்திருந்தாள்.

நான் ஒன்றும் அவளை விட்டுவிடவில்லை. இங்கே பயிற்சி வீடியோவை அகாடமிக்காரர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒன்று விடாமல் பார்ப்பேன். பார்த்து உடனே போனில் எழுதி அனுப்புவேன். இடது கை உயருகிறது. கேட்ச் தாமதம். ஃபெதர் பண்ணும்போது, அதாவது துடுப்பை வெளியே எடுத்துப் படுக்கையாகத் திருப்பும்போது, மணிக்கட்டு மட்டும் திரும்பட்டும், முழங்கை வேண்டாம். இப்படி. தினமும் ஏதாவது ஒன்று. படித்துவிட்டாள் என்று நீலக் கோடு வரும், பதில் வராது. இவ்வளவு அக்கறையாக எந்த அம்மா சார் எழுதுவாள்?

எஸ்தரைச் சொல்லவேண்டும். மண்டல ரெகாட்டாவில் அந்தப் படகு வெள்ளி வாங்கியது. மெடலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "அன்னைக்கு சீட் ரேஸ்ல பாதிலயே கை விட்டுப்போச்சு மேம். நீங்க பத்து கூப்பிடலன்னா நான் தோத்திருப்பேன்." அந்தப் பெண் அப்படிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாருங்கள், பிறத்தியார் பெண்ணுக்குப் புரிகிறது.

இருங்கள். கொடி இறங்கிவிட்டது. கிளம்பிவிட்டார்கள்.

இங்கிருந்து ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பொறுங்கள். முதலில் முதுகுகள்தான் தெரியும். அதோ, கோடிப் பாதை, கறுப்புச் சட்டை. அவள்தான். தோளைப் பார்த்தாலே தெரியும், இடது தோள் ஒரு இம்மி தூக்கி இருக்கும், அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். ஐந்தாவதாக வருகிறாள். இல்லை, நான்காவது. அந்த மணிப்பூர்ப் பெண் இவளை ஒட்டியே வருகிறாள், விடமாட்டாள். சாம்பவி திரும்பிப் பார்க்கிறாள். வேண்டாம்டி, நேராகத்தான் போகிறது, பார்க்காதே. பார்த்துவிட்டாள். சரி, விடுங்கள்.

நீங்கள் எதற்கு எழுந்து கத்துகிறீர்கள்? அவள் பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதே, நல்லது, ஆனால் காதில் விழாது சார். அந்த மூச்சில் அவர்களுக்கு எதுவும் கேட்காது. உட்காருங்கள். சரி, கத்துங்கள். கத்தினால் குற்றமில்லை.

இந்த இடம்தான். இங்கே வேகத்தைத் தூக்கவேண்டும். இப்போது. இப்போது ஒரு பத்து. எடுக்கிறாளா? எடுக்கிறாள். தானாகவே எடுக்கிறாள் சார். யாரும் சொல்லவில்லை, பார்த்தீர்களா? மூன்றாவது. கோட்டைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது.

தாண்டிய பிறகுதான் முகம் தெரியும், அது ஒன்று இந்த விளையாட்டில். வரும்போது முதுகு, போகும்போது முகம். என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். துடுப்பின் மேலே குனிந்து கிடந்தவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள். உங்கள் சத்தத்துக்கா என்று தெரியவில்லை. என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா? கீழே மிதவை மேடைக்குத்தான் வருவாள். இதோ வந்துவிடுகிறேன்.

*

வந்துவிட்டேன். நன்றி. உங்கள் பையன் ரேஸுக்கு இன்னும் கூப்பிடவில்லையே? நல்லது.

பேசினாள் சார். பேசிவிட்டாள். நான் போய் நிற்கும்போதே படகை ஒட்டி நிறுத்தினாள். நான் ரிக்கரைப் பிடித்துக்கொண்டேன், படகுக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி, அதைப் பிடித்தால் படகு ஆடாது, ஏறி வரலாம். மேடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எப்ப வந்த? சாப்டியா?" என்றாள். தமிழில்தான். கோபம் இல்லை, முகத்தைப் பார்த்தேன், கோபமே இல்லை. ஆனால் தமிழ். எனக்கு அது புரியவில்லை.

அப்புறம் கேட்டாள், "எப்படி இருந்துதும்மா?"

சுற்றிலும் ஆட்கள் சார். அவள் கோச் நிற்கிறார், நடுவர்கள் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறவன் நிற்கிறான், நாலாவதாக வந்த மணிப்பூர்ப் பெண் பக்கத்திலேயே படகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அத்தனை பேர் நடுவில் என் பெண்ணைத் தூக்கிவைத்துப் பேசினால் நன்றாகவா இருக்கும்? "ஆயிரம் மீட்டர்கிட்ட திரும்பிப் பார்த்த, அங்கதான் ரெண்டாவது எடம் போச்சு" என்றேன். உண்மைதானே? அதற்கப்புறம் அந்த மணிப்பூர்ப் பெண்ணின் தோளில் கை வைத்து, ரொம்ப அழகாக ஓட்டினாய் அம்மா, அழாதே என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பாவம், அவளுக்கென்று அங்கே யாரும் வரவில்லை.

சாம்பவி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "சரிம்மா" என்றாள். துடுப்புகளை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுப் படகைத் தூக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வா என்று சொல்லவில்லையா என்கிறீர்களா? சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் யோசித்தேன், ராத்திரி பூராவும் ரயிலில் உட்கார்ந்து வந்து நிற்கிறேன், எதற்கு வந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? இருபது வயசுப் பெண். அதையும் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லவேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

அதோ, அதோ. சரிவில் ஏறுகிறாள் பாருங்கள், அந்தக் கொட்டகைப் பக்கம். தலைமேல் படகைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போகிறாள், காலும் கறுப்புச் சட்டையும்தான் தெரிகிறது. ஒற்றை ஆளாகத்தான் தூக்குவார்கள், பார்க்கத்தான் நீளம், கனமே இருக்காது. நின்றுவிட்டாள். ஏன் நிற்கிறாள்? யாராவது குறுக்கே வருகிறார்களோ என்னமோ. இல்லையே, வழி காலியாகத்தானே இருக்கிறது. மூச்சு வாங்குகிறாள் போலிருக்கிறது.

கூப்பிடச் சொல்கிறீர்களா? இல்லை சார், கூடாது. தலைமேல் படகு இருக்கும்போது ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் திரும்புவார்கள், திரும்பினால் படகின் முனை பின்னால் வருகிறவர்கள் மேல் இடிக்கும். படகுக் கொட்டகையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது.

இன்னும் நிற்கிறாள்.

பரவாயில்லை, எவ்வளவு நேரம் தாங்குவாள். கனம் இல்லை என்றாலும் கை வலிக்கும். பாருங்கள், கிளம்பிவிட்டாள். நிதானமாகத்தான் போகிறாள்.